நலமாக உள்ளார்

ஜூன் 12, 2023. திங்கள்

உரக்கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. ஐந்து மாசமாக அரிசிப்பானை மூடிமேல் கிடந்தது. இன்றைக்குத்தான் எடுத்துத் தூசி தட்டினேன்.

ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றாலும் என் எழுத்தைக் குறை சொல்ல இந்த ஊரில் ஆள் கிடையாது. பள்ளிக்கூடத்தில் இருபத்தேழு வருஷம் சத்துணவு சமைத்தேன். இன்றைக்கு என்ன சாப்பாடு என்று தினமும் கரும்பலகையில் எழுதியது நான்தான். "சங்கரவடிவம்மா எழுத்தப் பாத்துப் படிங்கல" என்று ஹெட்மாஸ்டரே பிள்ளைகளை அதட்டுவார்.

பதினொரு மணிக்குத் தபால்காரர் பொன்னையா வந்தார். "ஆச்சி, வருஷக் கார்டு வந்துட்டு" என்றார். என் பேரன் கோமதிநாயகம் பெயருக்கு மெட்ராஸ் ஆசுபத்திரியிலிருந்து வரும் கார்டு. பதினாறு வயசில் அவனுக்கு முழங்காலுக்கு மேலே எலும்பில் புற்றுநோய் வந்து அந்த ஆசுபத்திரியில்தான் காலை எடுத்தார்கள். வைத்தியம் பார்த்துக்கொண்டவர்கள் எத்தனை வருஷம் எப்படி இருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியவேண்டுமாம். அதனால் வருஷா வருஷம் கேட்கிறார்கள். மூன்று கட்டம் போட்டிருக்கும். நலமாக உள்ளார். நோய் திரும்பியுள்ளது. காலமானார், தேதி. கீழே குறிப்பு எழுத இரண்டு கோடு. தபால்தலை ஒட்டவேண்டாம், அப்படியே திருப்பிப் போடலாம்.

முதல் கட்டத்தில் டிக் போட்டேன். குறிப்பில், 'கோவையில் கம்பெனி வேலை. பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம்' என்று எழுதினேன். போன வருஷம் 'சம்பளம் கூடியிருக்கிறது' என்று எழுதினேன். அதற்கு முந்தின வருஷங்களில் பாலிடெக்னிக்.

இந்தத் தடவை புதிதாக ஒரு கேள்வி அச்சடித்திருந்தார்கள். 'புதிய நோயாளிகளிடம் பேசித் தைரியம் சொல்லச் சம்மதமா?' நாயகம் முடியாது என்று சொல்கிற பிள்ளையா? சம்மதம் என்று போட்டு என் போன் நம்பரையும் எழுதினேன்.

நான் எழுதி முடிக்கும்வரை பொன்னையா சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். கார்டை வாங்கிப் படிக்காமலே பைக்குள் வைத்தார். பன்னிரண்டு வருஷமாக அவர் அதைப் படித்ததில்லை.

ஜூன் 13

வெயில். மல்லி வறுத்து அரைத்தேன்.

ஜூன் 15

டைரி என்றால் உள்ளதை எழுதவேண்டும் என்று ஐந்தாம் வகுப்பு டீச்சர் சொல்லியிருக்கிறார். சரி, எழுதுகிறேன். நாயகம் போய்ப் பதினோரு வருஷமும் மூன்று மாசமும் ஆகிறது. அப்போது பதினேழு வயசு. ஊருக்கே தெரியும். ஆசுபத்திரிக்கு மட்டும் தெரியாது.

அவன் போன மூன்றாம் மாசம் ஒரு கார்டு வந்தது. பொன்னையா வாசலில் நின்று, "கோமதிநாயகம்..." என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். எத்தனை நாள் கழித்து அந்தப் பெயரை இன்னொருவர் வாயால் கேட்டேன்! மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டால் அடுத்த வருஷம் கார்டு வராது. அதனால் முதலாவதில் போட்டேன். இதனால் யாருக்கு என்ன நஷ்டம்?

ஜூலை 3, திங்கள்

ஆசுபத்திரியிலிருந்து ஸ்டெல்லா என்று ஒரு பெண் போன் பண்ணினாள். அங்கே நோயாளி வீட்டாருக்கு ஆறுதல் சொல்கிற வேலையாம்.

"கோமதிநாயகம் சார் இருக்காங்களாம்மா?"

சார் என்றாள். "கோயமுத்தூர்ல இருக்கான். நான் ஆச்சி பேசுதேன்."

உங்கள் பக்கம் ஒரு பிள்ளைக்கு இதே நோய், பதினான்கு வயசு, ஆபரேஷனுக்கு வீட்டில் பயப்படுகிறார்கள், குணமான ஒருத்தரைப் பார்த்தால் தெளிவார்கள் என்றாள். நம்பரைக் கொடுக்கலாமா என்று கேட்டாள். கொடுங்கள் என்றேன்.

ஜூலை 6, வியாழன்

அந்தப் பிள்ளையின் தாய் வந்தாள். மாரீஸ்வரி என்று பெயர். போனில் வழி கேட்டுக் கீழப்பனையூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். தீப்பெட்டி ஆபீஸில் வேலை. விரலெல்லாம் பசை காய்ந்திருந்தது. உட்காரு என்றால் உட்காராமல் சுவரிலிருந்த நாயகம் படத்தையே பார்த்தாள். அந்தப் படத்துக்கு நான் மாலை போட்டதில்லை, பொட்டு வைத்ததில்லை.

"இவியதானா ஆச்சி? சின்னப் பிள்ளையால்லா இருக்காவ."

"அது பழைய படம்."

மகள் பெயர் சுகப்பிரியா. கோகோ ஆடும்போது விழுந்தாள், வீக்கம் வற்றவில்லை, எக்ஸ்ரே எடுத்தால் இப்படி. இரண்டு தடவை மருந்து ஏற்றியாகிவிட்டது. முடியெல்லாம் கொட்டிவிட்டது. இருபத்துநாலாம் தேதி ஆபரேஷன். அந்த எலும்பை எடுத்துவிட்டுக் கம்பி வைப்பார்களாம், காலை எடுக்கவேண்டாமாம். இந்தக் காலத்தில் அவ்வளவு தூரம் வந்துவிட்டார்கள். அதற்கப்புறம் இன்னும் நாலு தடவை மருந்து.

"பிள்ள வாந்தி எடுத்தே துரும்பாயிட்டா ஆச்சி. எங்க வீட்டுக்காரவிய போதும்ங்காவ. உங்க பேரனுக்கு எத்தன தடவ ஏத்துனாவ? எல்லாத்தையும் முடிச்சியளா?"

இந்த இடத்தில் முடித்தோம் என்று சொல்லியிருக்கலாம். ஒரே சொல். அவள் முகத்தைப் பார்த்தேன், படத்தைப் பார்த்தேன். வாய் தானாகப் பேசியது.

"எங்க முடிச்சேன்? கால எடுத்தபொறவு ஒண்ணே ஒண்ணு. அதோட போதும்னு கூட்டியாந்துட்டேன். கேப்பக்கூழும் கருப்பட்டியும் நாட்டுக்கோழி முட்டையுமாக் கொடுத்து நானே தேத்திட்டேன். இப்ப பாரு, பன்னெண்டு வருசம்."

அவள் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீங்க தெய்வம் ஆச்சி" என்றாள். போகும்போது வீட்டிலிருந்த நாலு முட்டையைக் கொடுத்து அனுப்பினேன்.

ஜூலை 7

நான் சொன்னதில் பாதி நிஜம்தான். கூழும் முட்டையும் கொடுத்தது நிஜம்.

ஜூலை 11

திருப்பூரிலிருக்கும் என் மகள் உலகம்மாளுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. நாயகத்தைப் பெற்றவள் அவள். பனியன் கம்பெனியில் அவளும் புருஷனும் வேலைக்குப் போனதால் இரண்டு வயசிலிருந்து வளர்த்தவள் நான். பொங்கலுக்கு மட்டும் போன் பண்ணுவாள். "இருக்கியா?" "இருக்கேன்." அவ்வளவுதான்.

ஜூலை 16, ஞாயிறு

மாரீஸ்வரி போன். குரல் துள்ளியது.

"ஆச்சி, ஆபரேஷன் வேண்டாம்னு முடிவு பண்ணியாச்சு. நீங்க சொன்னதக் கேட்டு எங்க வீட்டுக்காரவிய அப்பவே சொல்லிட்டாவ. பாதியில வுட்டவனே பன்னெண்டு வருசம் ராசா மாதிரி இருக்கான், நம்ம பிள்ளைய எதுக்கு அறுக்கக் கொடுக்கணும்னு. இங்க ஒரு வைத்தியர் எண்ணெ போட்டுக் கட்டுதாவ. வீக்கம் வத்திட்டு ஆச்சி! கூழும் முட்டையும் கொடுக்கேன். அந்தக் கேப்பக்கூழுல வேற என்னமும் சேத்தியளா?"

அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

ஜூலை 17

அவர்கள் பிள்ளை. அவர்கள் முடிவு. நான் என்ன, டாக்டரா? ஐந்தாம் வகுப்புக்காரி சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டால் அது அவர்கள் தப்பு.

நாயகத்துக்கு நிறுத்தியதுகூட நானாக நிறுத்தவில்லை. அவனே வேண்டாம் என்றான்.

ஜூலை 18

தண்ணீர்த் தொட்டியைக் கழுவினேன். ரேஷன் கடைக்குப் போனேன், பச்சரிசி இல்லை. மத்தியானம் சோறு இறங்கவில்லை. வீக்கம் வற்றியது அந்த இரண்டு ஊசியால். எண்ணெயால் இல்லை. நாயகத்துக்கும் முதல் ஊசிகளில் அப்படித்தான் வற்றியது. அப்போது எங்கள் தெருவிலும் ஒரு எண்ணெய்க்காரர் வந்துபோனார்.

இருபத்துநாலுக்கு இன்னும் ஆறு நாள்.

ஜூலை 19, புதன்

அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை.

நேற்று முன்தினம் எழுதியதை அடிக்கலாம் என்று பார்த்தேன். கிடக்கட்டும். நடந்ததைக் கீழே எழுதுகிறேன்.

2011 ஆகஸ்டில் கால் எடுத்தார்கள். இரண்டே வாரத்தில் கட்டைக்கோல் ஊன்றி வராந்தாவில் நடந்தான். நர்சுகள் கூடிநின்று பார்த்தார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பிறகு ஒரு மருந்து ஏற்றினார்கள். எட்டு நாள் சோறு தண்ணி இல்லை, வாயெல்லாம் புண். ஊருக்குக் கூட்டிவந்தேன். இன்னும் மூன்று தடவை வரவேண்டும் என்று டாக்டரம்மா தேதி எழுதிக் கொடுத்தார்.

உலகம்மாள் திருப்பூரிலிருந்து வந்து அழுதாள். "இன்னும் மூணுதாம்மா. முடிச்சிருவோம்." நான் கேட்கவில்லை. "பெத்தது நீ, வளத்தது நான். என் பிள்ளைக்கு எது நல்லதுன்னு எனக்குத் தெரியும்" என்றேன். என் சமையலைச் சாப்பிட்டு முந்நூறு பிள்ளைகள் வளர்ந்திருக்கிறார்கள், இவனைத் தேற்ற என்னால் முடியாதா என்று இருந்தது. அவனும் தேறினான். கன்னத்தில் சதை பிடித்தது. முடி முளைத்தது. பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன்.

அவன்தான் காலண்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒருநாள், "ஆச்சி, தேதி தாண்டிட்டு. போவமா?" என்றான். நான் அவன் தட்டில் இன்னொரு முட்டை வைத்தேன்.

தை மாசம் இருமல் வந்தது. பனி என்று நினைத்தேன். சங்கரன்கோவிலில் நெஞ்சுப் படம் எடுத்தார்கள். அவன் போனது 2012 மார்ச் ஒன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை.

அந்த நெஞ்சுப் படம் இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

ஜூலை 20, வியாழன்

முதல் பஸ்ஸில் கீழப்பனையூர் போனேன். நெஞ்சுப் படத்தைச் சேலைத்துணியில் சுருட்டி எடுத்துக்கொண்டேன். கண்டக்டர், "என்ன ஆச்சி, காலண்டரா?" என்று கேட்டான். ஆமா என்றேன்.

என்னைக் கண்டதும் மாரீஸ்வரி ஓடிவந்தாள். "ஏங்க, வடிவாச்சி வந்திருக்காவ!" அவள் புருஷன் கனியப்பன் சட்டையை மாட்டிக்கொண்டே வெளியே வந்து கும்பிட்டான். கட்டிலில் அந்தப் பிள்ளை. தலையில் ஒரு துண்டு. முழங்காலுக்கு மேலே பச்சைத்துணிக் கட்டு, எண்ணெய் வாடை. கலர் சோடா வாங்கிவரக் கிளம்பியவனை உட்காரச் சொன்னேன்.

படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.

"இது என் பேரன் நெஞ்சு. இந்த வெள்ள வெள்ளையாத் தெரியிதுல்லா, பஞ்ச பிச்சிப் போட்ட மாதிரி? அதுதான் அவனக் கொண்டுபோச்சு. பாதியில நிறுத்துனதுக்குப் பொறவு வந்தது."

மாரீஸ்வரிக்குப் புரியவில்லை. "கோயமுத்தூர்ல இருக்காவன்னிய?"

"கோயமுத்தூர்ல யாரும் இல்ல தாயி. எங்க ஊரு ஓடைக்கரையில இருக்கான். பதினோரு வருசமா."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கனியப்பன் முகம் கறுத்துவிட்டது.

"பெரிய மனுசிதானா நீங்க? செத்தவன இருக்கான்னு சொல்லி எங்கள நம்ப வச்சிட்டு இப்ப வந்து படம் காட்டுதிய! எதுக்கு அப்படிச் சொன்னிய?"

வழியெல்லாம் இந்தக் கேள்விக்குப் பதில் யோசித்துக்கொண்டுதான் வந்தேன். அழகாக ஒன்று வைத்திருந்தேன். அது வரவில்லை.

"பெருமைக்கு" என்றேன். "நான் செஞ்சது சரின்னு ஒரு ஆளாவது நம்பணும்னு இருந்துச்சு. உன் பொண்டாட்டி நம்புனா. அது எனக்கு இனிச்சுது."

அவன் கட்டிலில் கிடந்த மகளைப் பார்த்தான். பிறகு, "அப்ப முழுசா முடிச்சா பொழச்சிருவாளா? நீங்க எழுதித் தருவியளா?" என்றான்.

"மாட்டேன். டாக்டரம்மாவே எழுதித் தரல. முழுசா முடிச்சா பத்துப் பிள்ளையில ஆறு பிள்ள தப்பிக்கும்னு சொன்னாவ. பாதியில வுட்டா ரெண்டுகூடத் தேறாதுன்னும் சொன்னாவ. அந்த ஆறுல ஒருத்தனா இருக்க அவனுக்கு ஒரு வழி இருந்துச்சு. நான்தான் அத அடச்சேன்."

கட்டிலிலிருந்து அந்தப் பிள்ளை, "ஆச்சி" என்றாள். "அவியளுக்கு வலிச்சுதா?"

மாரீஸ்வரி, "நீ சும்மா கெட" என்றாள். அவன் போனபிறகு அவனுக்கு எப்படி இருந்தது என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை. நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"கால் எடுத்தப்ப வலிச்சுது. பத்து நாள்ல அது போயிட்டு. வாந்தி எட்டு நாள்ல போயிட்டு. கடைசியில வந்ததுதான் போகல."

அவள் தகப்பனைப் பார்த்தாள். "கோகோ ஆட முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாவப்பா. கேரம் ஆடிக்கிடுதேன்" என்றாள். அவன் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டான்.

யாரும் என்னைச் சாப்பிடச் சொல்லவில்லை. படத்தைச் சுருட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்தேன். ஒரு மணி நேரம் பஸ் இல்லை.

ஜூலை 22

போன் வரவில்லை. நானும் போடவில்லை. கொத்தமல்லி விதை ஊன்றினேன்.

ஜூலை 24, திங்கள்

ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டேன். "சுகப்பிரியா வந்துட்டாளா?" என்று மட்டும் கேட்டேன்.

"நேத்தே வந்து அட்மிட் ஆயிட்டாங்கம்மா. இப்ப தியேட்டர் உள்ள இருக்கா. அப்பாதான் கையெழுத்துப் போட்டார். உங்க பேரன் பேசினதாலதானா?"

"ஆமா" என்றேன். அது பொய்யில்லை என்று நினைக்கிறேன். பிறகு, "ஒரு கார்ட நான் தப்பா எழுதிட்டேன், திருத்தணும், என்ன செய்ய?" என்று கேட்டேன். காகிதத்தில் எழுதி அனுப்புங்கள் என்றாள்.

ஜூலை 30, ஞாயிறு

கோடு போட்ட தாளில் எழுதினேன். 'கோமதிநாயகம், வயது 17. ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு மருந்தோடு நிறுத்தப்பட்டது. நிறுத்தியது பாட்டி. காலமானார். தேதி 9.3.2012. இதுவரை அனுப்பிய பன்னிரண்டு கார்டும் தவறு.' என் எழுத்து இதில் மட்டும் கோணலாக வந்தது. இரண்டாம் தடவை எழுதியும் அப்படியே.

உலகம்மாளுக்குப் போன் போட்டு இந்தத் தாளை வாசித்துக் காட்டினேன். நிறுத்தியது பாட்டி என்ற இடத்தை இரண்டு தடவை வாசித்தேன். அவள் பக்கம் தறி ஓடுவதுபோல ஏதோ சத்தம். "இதச் சொல்ல இத்தன வருசமாம்மா?" என்றாள். போன் அணைந்துவிட்டது. சார்ஜ் தீர்ந்திருக்கலாம்.

ஆகஸ்ட் 1

பொன்னையாவிடம் கவரைக் கொடுத்தேன். "கார்டுக்குப் பதிலா இது" என்றேன். "இனிமே கார்டு வராது."

அவர் கவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வேணும்னா இன்னைக்கு வச்சிக்கிடுங்க ஆச்சி. நாளைக்கி வாங்கிக்கிடுதேன்."

"இல்ல, கொண்டுபோங்க."

ஆகஸ்ட் 19

ஆசுபத்திரியிலிருந்து அச்சடித்த கடிதம். பதிவைத் திருத்திக்கொண்டோம், நன்றி, வருந்துகிறோம். கீழே பேனாவால் எழுதியிருந்தது: 'உங்கள் கார்டுகளின் குறிப்புகளை நாங்கள் எல்லோரும் விரும்பிப் படிப்போம் அம்மா. ஸ்டெல்லா.'

ஜனவரி 15, 2024

பொங்கல். உரக்கடையில் இந்த வருஷம் டைரி இல்லை, காலண்டர்தான். பழைய டைரியில் பின்பக்கம் நிறையக் கிடக்கிறது. உலகம்மாள் போன். "இருக்கியா?" "இருக்கேன்." வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். "அவன் படத்துக்கு மாலை போட்டியா?" என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். "நான் வந்து போடுதேன்" என்றாள். எப்போது என்று சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை.

ஜூன் 14, 2024. வெள்ளி

மாரீஸ்வரி போன். அன்றைக்குப் பிறகு இப்போதுதான் பேசுகிறாள். எல்லா ஊசியும் பிப்ரவரியிலேயே முடிந்துவிட்டதாம். பிள்ளை தாங்கித் தாங்கி நடக்கிறாளாம், ஸ்கூலுக்குப் போகிறாளாம்.

"இப்ப அவளுக்கும் அந்தக் கார்டு வந்திருக்கு ஆச்சி. போன வாரம் நெஞ்சு ஸ்கேன்ல கடுகு கணக்கா ஒரு புள்ளி தெரிஞ்சிருக்கு. அது ஒண்ணுமில்லாமலும் இருக்கலாமாம், மூணு மாசத்துல மறுபடி பாப்போங்காவ. எங்க வீட்டுக்காரவிய நலம்னு டிக் போட்டுட்டு அடுத்த ஸ்கேனுக்குப் போவ வேண்டாங்காவ. புள்ளியப் பாக்கப் பாக்கத்தான் பயமாம். நான் எதுல போட?"

வாய் திறந்தேன். ஒன்றும் இராது தாயி, நலம் என்றே போடு என்று சொல்ல நாக்கு நுனியில் நின்றது. எனக்கும் அப்படிச் சொல்லத்தான் ஆசை.

"கட்டத்துல எதையும் போடாத. கீழ ரெண்டு கோடு இருக்குல்லா, குறிப்புன்னு? அதுல உள்ளத எழுது. புள்ளி இருக்கு, மூணு மாசத்துல வாரோம்னு எழுது. எழுதிட்டா ஸ்கேனுக்குப் போயிருவிய."

"எனக்கு எழுத வராதே ஆச்சி."

"பிள்ளைட்டச் சொல்லு. அவ எழுதட்டும்."

அந்தப் பக்கம் பேனா தேடும் சத்தம் கேட்டது. பிறகு சுகப்பிரியாவின் குரல், ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டே எழுதியது. முடியும்வரை போனைக் காதில் வைத்திருந்தேன்.

ஜூன் 18

பதினொரு மணிக்கு வாசல் பெருக்கிக்கொண்டிருந்தேன். பொன்னையா வந்தார். எனக்கு ஒன்றும் இல்லை. சைக்கிளை நிறுத்தாமல், மணியை மட்டும் அடித்துவிட்டுப் போனார்.